போர்க்களம் பார்க்காத ஜெனரல்: சூ சாய்ஹோவும் சீன ராணுவத்தின் அரசியல் ஆணையர்களும்

"சீன ராணுவத்தில் சிலரை ஜெனரல் என்கிறார்கள், கூடவே அரசியல் ஆணையர் என்றும் போடுகிறார்கள். அவர் ராணுவக்காரரா, கட்சிக்காரரா? சண்டையே போடாமல் ஒருவர் ஜெனரல் ஆகிவிட முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும். ஆகியிருக்கிறார்கள். அவர்கள் போடுவது வேஷச் சீருடை அல்ல, பதவியும் கௌரவப் பதவி அல்ல. வேலைதான் வேறு. பொதுப்படையாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன். அவர் சூ சாய்ஹோ. 1943இல் பிறந்து, ராணுவத்தின் இரண்டாவது உயரமான நாற்காலி வரை ஏறி, 2015இல் கைதியாக மருத்துவமனையில் இறந்தவர்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் 'கைஹோ' என்று படிக்கிறார்கள். சீன உச்சரிப்பு 'சாய்ஹோ'வுக்குத்தான் பக்கம். 'சாய்' என்றால் திறமை, 'ஹோ' என்றால் கனம், நிறைவு. அதே 'சாய்' ஒலியில் செல்வம் என்று பொருள்படும் இன்னொரு எழுத்தும் சீனத்தில் உண்டு. இவர் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சிலேடை யாருக்கும் தோன்றாமல் இருக்காது.

இனி அந்தப் பதவி. இந்திய ராணுவத்தில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது, அதனால்தான் நமக்குக் குழப்பம். நம் பட்டாலியனில் கமாண்டிங் ஆபீசர் ஒருவர், அவர் சொன்னால் சொன்னதுதான். சீனாவில் ரெஜிமென்ட் அளவிலிருந்து மேலே போகப்போக ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு தலைவர்கள். ஒருவர் தளபதி, மற்றவர் அரசியல் ஆணையர். இருவருக்கும் ஒரே படிநிலை. ஒருவர் மற்றவருக்குக் கீழே இல்லை. இன்னும் கீழே, கம்பெனியிலும் பட்டாலியனிலும், இதே வேலையைச் செய்பவருக்கு 'பயிற்றுநர்' என்ற பொருளில் வேறு பெயர். முக்கியமான முடிவுகளை எடுப்பது அந்தப் பிரிவின் கட்சிக் குழு. அதன் செயலாளர் பெரும்பாலும் அரசியல் ஆணையர், துணைச் செயலாளர் தளபதி. அவசரத்தில் தளபதி தானாக முடிவெடுக்கலாம். ஆனால் பிறகு குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி? அந்த ராணுவம் சீன அரசின் ராணுவம் அல்ல, கம்யூனிஸ்ட் கட்சியின் ராணுவம். சிப்பாய் எடுக்கும் உறுதிமொழியில் முதலில் வருவதே கட்சியின் தலைமைக்குக் கீழ்ப்படிவேன் என்பதுதான். கட்சியின் கண்ணும் காதும் ஒவ்வொரு பிரிவிலும் இருக்க வேண்டும் என்பதற்காக உருவானவர்தான் அரசியல் ஆணையர்.

யோசனை ரஷ்யாவிலிருந்து வந்தது. ஆனால் சோவியத் ராணுவம், போர் முற்றியிருந்த 1942இல், ஆணையர்களின் இணை அதிகாரத்தை எடுத்துவிட்டுத் தளபதியிடமே முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டது. சீனர்கள் அந்த வழியில் போகவில்லை. அவர்களுக்கு இது 1927 செப்டம்பர் கடைசியில், ஜியாங்சி மாகாணத்தின் சான்வான் என்ற சிற்றூரில் பழகிய பழக்கம். தோற்று ஓடிவந்த மாவோவின் படையில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை; நாளுக்கு நாள் ஆட்கள் நழுவிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ரெஜிமென்ட் மட்டத்தில் மட்டும் இருந்த கட்சிக் கிளையைக் கம்பெனிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார் மாவோ. 1929 டிசம்பரில் ஃபூஜியான் மாகாணத்தின் குதியான் ஊரில் நடந்த மாநாடு அதையே கொள்கையாக்கியது. கட்சிதான் துப்பாக்கிக்குக் கட்டளையிட வேண்டும் என்ற விதியின் வேர் அங்கே இருக்கிறது.

சான்வானில் கம்பெனிகளுக்கு நியமிக்கப்பட்ட முதல் கட்சிப் பிரதிநிதிகளில் ஒருவர் லுவோ ரோங்ஹுவான். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் சூவுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அரசியல் ஆணையர் என்றாலே சொற்பொழிவாற்றும் ஆள் என்று நினைப்பவர்களுக்கு இவர்தான் மறுப்பு. ஜப்பானியர் சீனாவை ஆக்கிரமித்திருந்த காலத்தில் ஷான்டோங்கில் இருந்தார். 1941 நவம்பரில் லியூதியான் என்ற இடத்தில் இவருடைய தலைமையகத்தை ஜப்பானியப் படை பெருந்திரளாகச் சூழ்ந்துகொண்டது. மற்றவர்கள் எதிரியின் படை மெலிந்திருப்பதாகத் தெரிந்த திசைகளைச் சொன்னார்கள். இவர் எதிரியின் முகாமே இருந்த தெற்குப் பக்கம் போவோம் என்றார். எதிரியின் கவனம் முழுவதும் முன்னால் இருக்கும், அவன் முதுகுப்புறம் காலியாக இருக்கும் என்பது கணக்கு. இரவோடு இரவாக எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். 1943இல் ஷான்டோங் ராணுவப் பகுதிக்குத் தளபதியும் இவரே, அரசியல் ஆணையரும் இவரே. சிறுநீரக நோயோடு, சிறுநீரில் ரத்தம் போகப் போக, சில நாள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே படை நடத்தினார். 1946இல் மாஸ்கோவில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். 1955இல் பத்துப் பேருக்கு மார்ஷல் என்ற மிக உயர்ந்த ராணுவப் பட்டம் கொடுத்தபோது அதில் அரசியல் பணிக்காரர் என்ற அடையாளத்தோடு இருந்தவர் இவர். மக்கள் சீனம் உருவான பிறகு, ராணுவம் முழுவதிலும் கட்சி வேலையைக் கவனித்த பொது அரசியல் துறைக்கு முதல் இயக்குநரும் இவர்தான். மாவோவின் எழுத்துகளை மந்திரம்போல ஒப்பிக்க வைக்கும் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் லின் பியாவின் போக்கை எதிர்த்துப் பேசியவர். 1963 டிசம்பர் 16 அன்று இறந்தார்.

அதே 1963இல்தான் லியாவ்னிங் மாகாணத்தின் வாஃபாங்தியான் பகுதியைச் சேர்ந்த இருபது வயது சூ சாய்ஹோ, ஹார்பின் ராணுவப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் மின்னணுப் பொறியியல். அந்தக் காலத்தில் சீனாவின் மிகச் சிறந்த தொழில்நுட்பக் கல்லூரிகளில் அது ஒன்று. ராடாரும் ஏவுகணையும் செய்ய வேண்டியவர்களின் பட்டறை. ஆனால் 1966இல், படித்தவர்களையும் பழைய தலைவர்களையும் குறிவைத்து மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி வெடித்தது. 1968இல் படிப்பு முடிந்தவுடன், அந்தத் தலைமுறைப் பட்டதாரிகள் பலரைப் போலவே, ராணுவப் பண்ணையில் மண்வெட்டி பிடித்தார். பிறகு ஜிலின் மாகாண ராணுவப் பகுதியில் சேர்ந்தார். பொறியியல் அத்தோடு போயிற்று. 1971இல் கட்சி உறுப்பினர்.

அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது அதற்குப் பிறகு கிடைத்த இடம்தான்: ஜிலின் ராணுவப் பகுதியின் அரசியல் துறையில், அதிகாரிகளின் நியமனத்தைக் கவனிக்கும் பிரிவு. நம்மூர் அலுவலகங்களில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன்' என்போமே, கிட்டத்தட்ட அது. ஆனால் அதைவிட ஆழமானது. சீனாவில் ஒவ்வொரு அதிகாரிக்கும் 'தாங்ஆன்' என்ற ஒரு கோப்பு உண்டு. பிறப்பு, குடும்பம், யாரோடு பழக்கம், எந்த இயக்கத்தில் எந்தப் பக்கம் நின்றார், மேலதிகாரி என்ன எழுதினார், எல்லாம் அதில் ஏறும். அது அவர் கைக்கு வராது. அவர் மாறும் இடமெல்லாம் அவருக்கு முன்னால் போய் நிற்கும். அந்தக் கோப்பைத் திறக்கவும், அதில் எழுதவும், அதை வைத்து 'இவரை உயர்த்தலாம்' என்று முன்மொழியவும் உரிமை உள்ள பிரிவு அது. போர்க்களத்தில் ஆயிரம் பேருக்குக் கட்டளையிடும் தளபதிகூட, தன் அடுத்த பதவிக்கு இந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதன் பின் ஏணியில் பெரிய தடங்கல் இல்லை. 1985இல் வடகிழக்கில் உள்ள 16ஆவது குழுமப் படையின் அரசியல் துறைக்குத் தலைவர். 1990இல் அதே படையின் அரசியல் ஆணையர், மேஜர் ஜெனரல். 1965இல் ஒழிக்கப்பட்ட ராணுவத் தரப் பட்டங்கள் 1988இல்தான் மீண்டும் வந்திருந்தன. ஆக, நாற்பத்தேழு வயதில் தோளில் முதல் ஜெனரல் நட்சத்திரம். அதுவரை அவர் பெயரில் ஒரு போரும் இல்லை, ஒரு முற்றுகையும் இல்லை. அந்த அமைப்பில் அது குறையாகவும் கருதப்படவில்லை.

1992 இறுதியில் பெய்ஜிங்கிலிருந்து அழைப்பு வந்தது. பொது அரசியல் துறை இயக்குநரின் உதவியாளர், அடுத்த ஆண்டு ராணுவ நாளிதழின் பொறுப்பு, துணை இயக்குநர் பதவி, லெப்டினன்ட் ஜெனரல் பட்டம் என்று வரிசையாக வந்தன. ஒரு மாகாண ஆளுக்கு இவ்வளவு வேகமா? 1992இல்தான் பொது அரசியல் துறையின் இயக்குநர் யாங் பாய்பிங் ராணுவப் பதவிகளை இழந்தார். அவர் அதிகாரிகள் நியமனத்தில் தன் ஆட்களை நிரப்புகிறார் என்ற பயம் மூத்த தலைவர் தெங் சியாவ்பிங்குக்கும் கட்சித் தலைவர் ஜியாங் ஜெமினுக்கும் வந்திருந்தது. அவரை எடுத்ததோடு அவருக்கு நெருக்கமானவர்கள் என்று பெயர் பெற்றவர்களும் ஓரங்கட்டப்பட்டார்கள். காலியான நாற்காலிகளுக்கு எந்தக் கோஷ்டியிலும் பெயர் அடிபடாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். சூவுக்குக் கதவு திறந்தது அப்படித்தான் என்பது என் கணிப்பு.

இந்த இயக்குநர் நாற்காலியைப் பற்றி ஓர் இடைச்செருகல். லுவோவுக்குப் பின் வந்த தான் செங், 1960இல் லின் பியாவின் கோபத்துக்கு ஆளாகித் தூக்கி எறியப்பட்டார். சியாவ் ஹுவா பண்பாட்டுப் புரட்சியில் வீழ்த்தப்பட்டார். 1975இல் அமர்ந்த சாங் சுன்சியாவ், மாவோ இறந்ததும் கைதான 'நால்வர் குழு'வில் ஒருவராகச் சிறைக்குப் போனார். யாங் பாய்பிங் கதையைச் சொல்லிவிட்டேன். சூவுக்குப் பிறகு சாங் யாங், மியாவ் ஹுவா; அவர்களுக்குப் பின்னால் வருகிறேன். எல்லோரும் விழவில்லை. யூ யோங்போ பத்து ஆண்டுகள் இருந்து அமைதியாக ஓய்வு பெற்றார். இருந்தாலும் விசுவாசத்தைக் காவல் காக்க வைத்த நாற்காலி இத்தனை பேரைக் கவிழ்த்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவனிடம் ஒரு படையே உருவாகிவிடும். அது துப்பாக்கி ஏந்திய படை அல்ல, நன்றிக்கடன் பட்டவர்களின் படை. மேலே இருப்பவருக்கு அதுவே பயம்.

கதைக்கு வருவோம். 1996இல் ஜினான் ராணுவ வட்டாரத்தின் அரசியல் ஆணையர். 1999இல் ஜெனரல் பட்டம், ராணுவத்துக்கே தலைமை தாங்கும் மத்திய ராணுவ ஆணையத்தின் உறுப்பினர், பொது அரசியல் துறையின் முதல் நிலைத் துணை இயக்குநர். 2000 முதல் 2002 வரை ராணுவத்தின் ஒழுங்கு விசாரணை ஆணையத்துக்கும் இவரே செயலாளர். ஊழல் அதிகாரிகளைப் பிடிக்கும் வேலை! இந்த வரியை அவருடைய அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கசப்பும். 2002இல் இயக்குநர். 2004 செப்டம்பரில் ஜியாங் ஜெமின் ராணுவத் தலைமையை ஹூ ஜின்டாவிடம் கொடுத்த அதே கூட்டத்தில் இவர் ஆணையத்தின் துணைத் தலைவர் ஆனார். 2007இல் கட்சியின் உச்ச அமைப்புகளில் ஒன்றான அரசியல் குழுவிலும் (பொலிட்பீரோ) இடம். இன்னொரு துணைத் தலைவர் குவோ போசியோங், தளபதிகள் வழியாக வந்தவர். ராணுவத்தின் அன்றாடப் பிடி இந்த இருவரிடம் இருந்தது, ஹூ ஜின்டாவ் பெயருக்குத்தான் தலைவர் என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2009இல் சூ அமெரிக்கா போய்ப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸைச் சந்தித்தார். 2012 இறுதியில் கட்சி மாநாட்டோடு பதவிக் காலம் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மாசுமருவற்ற ஓய்வு.

உள்ளே நடந்தது என்ன? சீன மொழியில் அதற்கு நான்கே எழுத்தில் ஒரு தொடர் இருக்கிறது: பதவி வாங்கல், பதவி விற்றல். ஓர் அதிகாரி உயர வேண்டுமானால் அவருடைய கட்சிக் குழு முன்மொழிய வேண்டும், அரசியல் துறை அவரை மதிப்பிட வேண்டும், மேல்மட்டக் குழு ஒப்ப வேண்டும். மூன்று படிகளிலும் கதவு மூடித்தான் கூட்டம். போர் நடக்கும் நாட்டில் யார் நல்ல தளபதி என்பதைப் போர்க்களமே சொல்லிவிடும். 1979இல் வியட்நாமோடு மோதிய பிறகு, எண்பதுகளின் எல்லைச் சண்டைகளையும் தாண்டினால், சீன ராணுவம் பெரிய போர் எதையும் பார்க்கவில்லை. ஆக அளவுகோல் தாளில் மட்டும்தான் இருந்தது, அந்தத் தாளோ அரசியல் துறையின் கையில். மறுபக்கம், தொண்ணூறுகளிலிருந்து ராணுவ பட்ஜெட் ஆண்டுதோறும் ஏறியது. நகரங்களின் நடுவே ராணுவத்துக்கு இருந்த நிலங்களின் விலை பல மடங்கானது. பணம் புரளும் பதவிக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது. கொடுத்தவர் உட்கார்ந்த பிறகு கீழே இருப்பவரிடம் வசூலித்தார். சூவைத் தனி மனிதக் கெட்டவராக மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படாததற்கு இதுதான் காரணம். அந்த மேசையில் வேறொருவர் இருந்திருந்தாலும் வரிசை அங்கேதான் நின்றிருக்கும்.

கயிறு இழுபட்டது பின்வாசல் வழியாக. ராணுவத்தின் தளவாடத் துறையில் கட்டடம், நிலம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த துணைத் தலைவர் கு ஜுன்ஷான் 2012 தொடக்கத்தில் விசாரணைக்குள் வந்தார். அவரை விடாமல் துரத்தியவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் அதே துறையின் அரசியல் ஆணையர் லியூ யுவான். பண்பாட்டுப் புரட்சியில் துன்புறுத்தப்பட்டு இறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சியின் மகன். அந்த விசாரணைதான் பிறகு சூவிடம் கொண்டுவிட்டது. ஆக, இந்தக் கதையில் திருடனான சூவும் அரசியல் ஆணையர், துப்புக் கொடுத்த லியூ யுவானும் அரசியல் ஆணையர். கு ஜுன்ஷானுக்கு 2015 ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை கிடைத்தது.

சூவை 2014 ஜனவரியில், ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகளுக்கான புத்தாண்டுக் கலை நிகழ்ச்சியில் தொலைக்காட்சி காட்டியது. 'ஒன்றும் ஆகவில்லை, தப்பித்துவிட்டார்' என்றுதான் பலர் நினைத்தார்கள். மார்ச் 15 அன்று கட்சி விசாரணைக்கு முடிவெடுத்தது. அப்போதே அவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். ஜூன் 30 அன்று கட்சியிலிருந்து நீக்கம். பதவி உயர்வு வாங்கிக் கொடுப்பதற்காக நேரடியாகவும் குடும்பத்தார் மூலமாகவும் லஞ்சம் வாங்கினார் என்றது அறிவிப்பு. அக்டோபரில் ராணுவத்திலிருந்து நீக்கினார்கள், ஜெனரல் பட்டத்தையும் பறித்தார்கள். லஞ்சத் தொகை 'மிகமிகப் பெரியது' என்றது ராணுவ வழக்குத் தொடுப்புத் துறை, எண் சொல்லவில்லை. ஹாங்காங்கின் ஃபீனிக்ஸ் வார இதழ், அவருடைய பெய்ஜிங் வீட்டு நிலவறையில் ஒரு டன்னுக்கு மேல் ரொக்கம் இருந்தது, அள்ளிப் போகப் பத்துக்கும் மேற்பட்ட லாரிகள் வந்தன என்று எழுதியது. உலகம் முழுக்கப் பரவிய செய்தி அது. அரசு அதை உறுதி செய்யவில்லை, அதனால் நானும் அதைச் செய்தியாக மட்டுமே சொல்கிறேன்.

2015 மார்ச் 15, விசாரணை முடிவான நாளிலிருந்து சரியாக ஒரு வருடம், மருத்துவமனையில் இறந்தார். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவரைச் சொல்லவில்லை. இறந்தவர் மீது வழக்கு நடத்தச் சீனச் சட்டத்தில் இடமில்லை என்பதால் கோப்பு மூடப்பட்டது. அவரோடு இருந்த குவோ போசியோங்குக்கு 2016 ஜூலையில் ஆயுள் தண்டனை.

ஷி ஜின்பிங் இதை எப்படிக் கையாண்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. 2014 அக்டோபர் கடைசியில் நாடெங்கும் இருந்த உயர் அதிகாரிகளை எங்கே கூட்டினார் தெரியுமா? அதே குதியானில். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விதி எழுதிய ஊரில் உட்கார வைத்து, சூ வழக்கிலிருந்து பாடம் படியுங்கள் என்றார். அரசியல் ஆணையர் முறையைக் கைவிடும் பேச்சே எழவில்லை. 2016 ஜனவரியில் பொது அரசியல் துறையைக் கலைத்து 'அரசியல் பணித் துறை' என்று சுருக்கினார்கள். ஒழுங்கு விசாரணையும், நீதிமன்றம், வழக்குத் தொடுப்பு ஆகியவற்றின் மேற்பார்வையும் அதனிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தனி ஆணையங்களிடம் போயின. கோப்பை எழுதுபவரே கோப்பை விசாரிப்பவராகவும் இருக்கக் கூடாது என்பது கணக்கு.

கணக்கு பலித்ததா என்றால், புதிய துறையின் முதல் இயக்குநர் சாங் யாங், சூவோடும் குவோவோடும் தொடர்பு என்ற விசாரணையின் நடுவே 2017 நவம்பரில் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்து வந்த மியாவ் ஹுவா 2024 நவம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2025 அக்டோபரில் வேறு எட்டு உயர் அதிகாரிகளோடு கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த மாதமே ஆணையத்தின் துணைத் தலைவராக உயர்த்தப்பட்டவர் சாங் ஷெங்மின். இவரும் அரசியல் ஆணையராக வளர்ந்தவர்தான், ஆனால் ஒழுங்கு விசாரணைப் பக்கத்துக்காரர்.

கேள்வியின் கடைசிப் பகுதி, இவர் ராணுவக்காரரா கட்சிக்காரரா என்பது. சீன ராணுவத்தில் கேட்டால் இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். இன்றைக்கும் கடலுக்கடியில் போகும் சீன நீர்மூழ்கிக் கப்பலில், ஒவ்வொரு அடி இடத்துக்கும் கணக்குப் பார்க்கும் அந்தக் குறுகிய இரும்புக் கூட்டுக்குள், கேப்டனுக்கு இணையான படிநிலையில் ஓர் அரசியல் ஆணையருக்கும் படுக்கை உண்டு.